எத்தனை கேஜ்

காயில் வைக்கணும் என்றார் டாக்டர்.
எத்தனை கேஜ் என்று கேட்டுவிட்டேன்.

வாய் தவறித்தான்.
கடலூர் முதுநகரில் மோட்டார் ரீவைண்டிங் கடை,
பதினோரு வருஷம்.
செம்புக் கம்பி இழுத்து இழுத்து
ரேஷன் கடை மெஷின்
என் விரலை விரலென்று ஒத்துக்கொள்வதில்லை.

டாக்டர் ஜெரோம் சிரிக்கவில்லை.
பேனாவை மூடி வைத்தார்.
பிளாட்டினம். தையல்நூல் தடிமன். தொட்டால் துவளும்.
முப்பத்து மூணு, முப்பத்து நாலு
என்று மனசு தானாகக் குறித்துக்கொண்டது.

திங்கட்கிழமை தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.
வாந்தி எடுத்தான்.
ராத்திரி தின்ற புரோட்டா என்று நினைத்து
சோடா வாங்கிக் கொடுத்தேன்.
சாயந்திரம் பார்த்தால்
பாதி இறக்கிய ஷட்டர் போல இடது இமை.
நாலு வயசு செங்கதிருக்கு
ஒரு கண் கடையடைத்துக்கொண்டது.

கடலூர் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன்,
அங்கிருந்து ஆம்புலன்ஸ்.
கன்னியக்கோயிலில் சாராயக் கடை விளக்குகள்
நீலமும் சிவப்புமாக அவன் முகத்தில் ஓடின.
அரியாங்குப்பம் பாலத்தில் கொஞ்சம் நின்றது.
கோரிமேடு வரும்வரைக்கும்
அவன் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன்,
சுற்று எண்ணுகிற மாதிரி,
நடுவில் விட்டுவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து.

மண்டையைத் திறக்கப் போவதில்லை என்றார்.
தொடை இடுக்கில் ஒரு பொட்டுத் துளை,
அதில் குழாய், குழாய்க்குள் இன்னொரு குழாய்,
வயிறு, நெஞ்சு, கழுத்து தாண்டி
ரத்தக்குழாய் வீங்கின இடம் வரைக்கும்.
சாமான் எல்லாம் பெரியவர்களுக்குச் செய்தது,
இவன் பதிமூன்றரை கிலோ,
மருந்தைக்கூட அளந்து அளந்துதான் விடணும்.
கிழியலாம். அடைக்கலாம்.
ஒரு பக்கம் வராமல் போகலாம்.
இதையெல்லாம் மேஜையைப் பார்த்துச் சொல்லவில்லை,
என்னைப் பார்த்துச் சொன்னார்.

தகப்பன் கையெழுத்து என்ற கட்டத்தில்
கோடு போட்டேன்.
ஆள் இருக்கிறார், திருப்பூரில், வேறு வீட்டில்.

உள்ளே கொண்டுபோய் ஒன்றரை மணி நேரம்.
கடையிலிருந்து போன்.
காஜா பாய், பாவம், அவருக்குத் தெரியாது:
அந்த ஏழரை எச்பிக்கு எத்தனை சுற்றும்மா?
ஸ்லாட்டுக்கு நாற்பத்திரண்டு பாய்.
சொல்லி வைத்த பிறகுதான்
கை நடுங்க ஆரம்பித்தது.

நான் சுற்றுவதெல்லாம் ஓடுவதற்கு.
ஐப்பசியில் முழுகிப்போன மோட்டார்கள்
கார்த்திகையில் வரிசையாக வரும்,
கருகினதைப் பிடுங்கி, பேப்பர் சொருகி,
சுற்றி, வார்னிஷ் ஊற்றி, காயவைத்து,
சுவிட்சைப் போட்டால் ஓடணும்.
ஓடாவிட்டால் என் தப்பு.
ஓடக்கூடாது என்பதற்காக ஒரு காயில்.
அந்தச் சின்னப் பையில் மட்டும்
ரத்தம் ஓடாமல் உறைந்து கிடக்க,
பக்கத்துக் குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க.
யார் யோசித்திருப்பார்கள் முதலில்?

ஆறு காயில், என்றார் வெளியே வந்து.
அவர் முதுகெல்லாம் வேர்வை;
உள்ளே ஏசி என்று சொன்னார்களே.

வலது கால் ஆறு மணி நேரம் மடக்கக்கூடாது.
நாலு வயசுக் காலை
நீட்டி வைத்துக்கொள்வதென்றால் என்னவென்று
அங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.
முட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்தேன்.
உதைத்தான். அழுதான்.
பிஸ்கட் கேட்டான்.
மடக்கட்டுமா, மடக்கட்டுமா என்று
நூறு தடவை.
அப்புறம் கட்டைவிரலை மட்டும் ஆட்டினான்,
ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தான்,
திருட்டுத்தனமாக, ரெண்டு கண்ணாலும் இல்லை,
ஒன்றரைக் கண்ணால்.

இமை தூக்குவதற்கு மாசக்கணக்கு ஆகும்,
தூக்காமலும் போகலாம், என்று சொல்லியிருக்கிறார்கள்.

ரெண்டு பத்துக்கு நர்ஸ் வந்து
துளையைப் பார்த்து, பிளாஸ்திரியைத் தடவி,
இனிமே மடக்கலாம்மா என்றாள்.
அவன் தூங்கிப்போயிருந்தான்,
கால் சொன்னபடியே நீட்டிக் கிடந்தது.
முட்டிக்கு அடியில் கை கொடுத்து
நானே மடக்கி வைத்தேன்.